என் கை மட்டும் பட்ட கார்புரேட்டர்

டப்பாவை மேஜை மேல் வைங்க, தம்பி. கையில் வாங்க மாட்டேன். அவன் கொடுத்த சாமானைக் கையில் வாங்குகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. அந்த டோக்கன் கட்டுக்குப் பக்கத்தில் வைங்க. போதும்.

உட்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பார்த்து உட்காருங்க. நான் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் இந்தக் கால் மரத்துப்போகும், நின்றால் வலிக்கும், நடந்துகொண்டே இருந்தால் இரண்டும் தெரியாது. போடி பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிற சன்னாசி ஒரு இடத்தில் நிற்க மாட்டான் என்று ஊருக்கே தெரியும். நீங்க ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீங்க.

மேலே ஊத்துப்பாறையில் இருந்து வருவதாகச் சொன்னீங்க. தொம்மை அனுப்பினான் என்றும் சொன்னீங்க. எங்கள் பழைய பைக்கின் சட்டம் அவனிடம் இருக்கிறது, இன்ஜின் என்னிடம் இருக்கிறது. நான் இன்ஜினைக் கொடுத்தால் அவன் சட்டத்தை உங்களுக்குச் சும்மாவே தந்துவிடுவான். கொடுக்காவிட்டால் நாளைக்கு வீட்டைக் காலி செய்யும்போது பழைய இரும்போடு போட்டுவிட்டுப் போய்விடுவான். அப்படித்தானே? நாளைக்கா? நாளைக்குக் காலையிலா, மத்தியானமா? சும்மாதான் கேட்டேன். அவன் எப்போது போனால் எனக்கென்ன. எஸ்டேட்டில் இருந்த வீட்டைக் கேட்டுவிட்டார்கள், திருப்பூரில் மகளோடு இருக்கப் போகிறான். போகட்டும். மலை ஏறின கால் அங்கே போய் மாடிப்படி ஏறட்டும்.

இன்ஜின் கிடைக்காது, தம்பி. இதைச் சொன்னதோடு நீங்க எழுந்து போகலாம். ஆனால் மதுரையில் இருந்து வந்து, மலை ஏறி, இறங்கி, என்னைத் தேடிக் கண்டுபிடித்திருக்கீங்க. ஏன் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போங்க. அவன் என்ன சொன்னான் உங்களிடம்? ஒன்றும் சொல்லவில்லையா? ‘அவங்கிட்டயே கேளுங்க’ என்றானா? அதுதான் தொம்மை. தான் வாயைத் திறக்க மாட்டான். என்னைக் கத்த விட்டுவிட்டு, ஊர் முன்னால் தான் சாது ஆகிவிடுவான்.

இருங்க. ‘ஏம்மா, டோக்கனக் குடுத்துட்டு எடும்மா. அங்கிட்டு இல்ல, இங்கிட்டுத் திருப்பு.’

பார்த்தீங்களா, அந்தப் பொண்ணு வண்டி நிற்கும்போதே என்ன சத்தம் போடுகிறது என்று. ஐடிலிங் தூக்கி வைத்திருக்கிறார்கள். போன வாரம் நானே ஒரு கால் திருகு குறைத்து வைத்தேன். வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறது. இந்தக் காலத்தில் நல்லது செய்தால் யாருக்குப் பிடிக்கிறது.

எங்கே விட்டேன். வண்டி. அது ஏலத்தில் எடுத்த வண்டி. டூ ஸ்ட்ரோக். எடுத்தபோது டேங்குக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. நானும் தொம்மையும் ஒரே ஜீப்பில் கிளீனராக இருந்து வளர்ந்தவர்கள். பிறகு நான் சிலமலைத் தோட்டங்களில் மல்லிகை மொட்டு ஏற்றித் தேனி மார்க்கெட்டில் இறக்குகிற வேலைக்கு வந்துவிட்டேன். மொட்டு யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏற ஏற மூட்டைக்குள்ளேயே வாயைத் திறந்துவிடும். திறந்த பூவை மதுரைக்காரன் தொடமாட்டான். எனக்கு வேகம் வேண்டும். தொம்மை மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி ஆனான். அங்கே ரோடே கிடையாது. ஜீப் போகிற மட்டும் கல், அதற்கு மேல் ஓடையும் வேரும் சேறும். அரிசி மூட்டை ஏற்ற வேண்டும், காய்ச்சல்காரனை இறக்க வேண்டும். அவனுக்கு வேகம் எதற்கு? ஏறினால் போதும். ஆளுக்கொரு வண்டி வாங்க இரண்டு பேருக்கும் வக்கில்லை. பாதிப் பாதி போட்டு ஒன்றை எடுத்தோம். பாதி வாரம் அவனுக்கு மலையில், பாதி வாரம் எனக்கு ரோட்டில்.

நீங்க பழைய வண்டிகளை எடுத்துப் புதுப்பிக்கிற ஆள் என்கிறீங்க, அதனால் சொல்கிறேன். அந்த வண்டியை எப்படிச் செய்தோம் தெரியுமா? சைலன்சரை அறுத்து, வளைத்து, சீட்டோடு ஒட்டித் தூக்கி வைத்தோம், ஓடையில் இறங்கினால் தண்ணீர் ஏறக்கூடாது என்று. முன் மட்கார்டை டயரில் இருந்து ஒரு சாண் மேலே தூக்கினோம், சேறு அடைக்கக்கூடாது என்று. பின்னால் சாக் அப்சார்பர் வேறொரு வண்டியில் இருந்து, நீளமானதாகப் பார்த்து எடுத்தது. இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு, கல் அடிக்காமல். கால் வைக்கிற கம்பியில் அரத்தால் பல் வெட்டினோம், மழையில் செருப்பு வழுக்காமல். எல்லாவற்றுக்கும் சண்டை. ஹேண்டில்பாரை அகலமாகப் போட வேண்டும் என்றான் அவன். மலையில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டுமாம்.

‘கொம்ப விரிச்சுக்கிட்டு வர்ற மாடு மாதிரி இருக்குடா’ என்றேன் நான்.

‘நீ ரோட்டுல படுத்துக்கிட்டு ஓட்டுறது சாரப்பாம்பு மாதிரி இருக்கு. அத நான் என்னைக்காச்சும் சொன்னேனா?’ என்றான் அவன்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவில் வளைத்தோம். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. அதனால் அப்படியே இருந்தது.

ஆனால் இரண்டு சாமானுக்கு நடு அளவே கிடையாது. ஒன்று பின்சக்கரம். மலைக்குப் பெரிய பல்சக்கரமும் சேற்றைக் கவ்வுகிற டயரும் வேண்டும். ரோட்டுக்குச் சின்னப் பல்சக்கரமும் வழவழப்பான டயரும் வேண்டும். அதனால் இரண்டு பின்சக்கரம் செய்து வைத்துக்கொண்டோம். முந்தலில், மலை தொடங்குகிற இடத்தில், கோட்டையம்மா டீக்கடைப் பின்பக்கம் ஒன்று எப்போதும் சாத்தி இருக்கும். வண்டி கை மாறுகிற அன்றைக்குச் சக்கரமும் மாறும்.

இன்னொன்று ஜெட். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் கதை நிற்கும். மலை மேல் காற்று லேசு. காற்றுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலும் குறைய வேண்டும், இல்லையென்றால் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கும். கீழே காற்று கனம். இங்கே பெட்ரோல் கூட வேண்டும். குறைந்தால் இன்ஜின் கொதித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் கார்புரேட்டருக்குள் அந்தப் பித்தளைத் திருகு, நடுவில் ஓட்டையோடு. சின்ன ஓட்டை மலைக்கு, பெரிய ஓட்டை ரோட்டுக்கு. ஒன்று உள்ளே இருந்தால் மற்றது இந்தத் தைல டப்பாவில் இருக்கும். டப்பா சீட்டுக்கு அடியில் கட்டித் தொங்கும். கை மாறுகிற அன்றைக்கு டப்பாவில் இருப்பதை எடுத்து உள்ளே போடணும், உள்ளே இருப்பதை டப்பாவில் போடணும். அவ்வளவுதான். எது எது என்று பார்க்கிற வேலையே இல்லை. எறும்புத் தலை அளவில் ஏதோ எண் வெட்டியிருக்கும். அதை யார் பார்க்கிறது.

சக்கரம் தொம்மை வேலை. கார்புரேட்டர் என் வேலை. முதல் நாளே சொல்லிவிட்டேன், இதில் என் கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்று. அவன் சுத்தியல் பிடிக்கிற கைக்காரன். பித்தளைத் திருகை அந்தக் கையில் கொடுத்தால் மரை தேய்ந்துவிடும். சரி என்றான். நான் வேலை செய்யும்போது எதிரே குத்த வைத்து டார்ச் பிடிப்பான், அவ்வளவுதான் அவனுக்கு வேலை. ஒவ்வொரு வாரமும் கண் கொட்டாமல் பார்ப்பான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இவன் எதற்கு இவ்வளவு உற்றுப் பார்க்கிறான் என்று.

டீ குடிங்க, ஆறிவிடும். நல்லா இருக்கா? மலை ஏலக்காய். வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பொட்டலம் வரும். யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. என் வீட்டுக்காரி முத்துப்பேச்சி வாங்கி வைத்துக்கொள்வாள். வீட்டில் டீ போடுகிறவள் அவள். ஊற்றிக் கொடுத்தால் குடிக்க வேண்டியதுதானே.

அன்றைக்கு நடந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரம் சக்கரம் மாட்டும்போது என் ஆள்காட்டி விரல் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் போய்விட்டது. அவன்தான் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். அவன் சக்கரத்தைச் சுழற்றினதால்தான் மாட்டியது, அது வேறு கணக்கு. அதைக் கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வண்டி வாங்க முந்தலுக்குப் போகிறேன். முகூர்த்தக் காலம். விடிந்தால் இரண்டு மடங்கு மூட்டை. சாரல் அடித்துக்கொண்டிருக்கிறது. கோட்டையம்மா கடையில் வண்டி நிற்கிறது, தொம்மையைக் காணோம். ரோட்டுச் சக்கரம் மாட்டி, செயினைத் துடைத்து, டயரில் காற்றைக்கூட என் அளவுக்கு அடித்து வைத்திருக்கிறது.

‘எங்கக்கா அவன்?’ என்றேன்.

‘மக பிள்ளைக்குச் சொகமில்லேன்னு ஆள் வந்துச்சுப்பா. ஏறுற ஜீப்புல ஓடிட்டான். எல்லா வேலையையும் முடிச்சிட்டானாம். சன்னாசி வந்தா ஏறி ஓட்ட வேண்டியதுதான் பாக்கின்னு சொல்லச் சொன்னான்’ என்றது கோட்டையம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘சக்கரத்த மாட்டிட்டா எல்லா வேலையும் முடிஞ்சு போச்சாக்கும்? அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்’ என்றேன். சாரலில் உட்கார்ந்தேன். டார்ச் பிடிக்க ஆளில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கட்டுப் போட்ட விரலோடு, வலி உயிர் போக, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, டப்பாவில் இருந்த ஜெட்டை உள்ளே போட்டு, உள்ளே இருந்ததை டப்பாவில் போட்டு, மூடினேன். ‘விரல் இப்பிடி இருக்கையில விட்டுத் தொலையேம்ப்பா’ என்று கோட்டையம்மா திட்டியது. ஒரு வேலை நம் வேலை என்றால் நாம்தான் செய்ய வேண்டும். இன்றைக்கு வரைக்கும் அதில் நான் மாறினதில்லை.

இதையும் கேளுங்க. கிண்ணத் திருகு இறுக்கமாக இல்லை. விரல் வைத்ததும் சுற்றியது. சுற்றிலும் பெட்ரோல் ஈரம். போன வாரம் நான் இறுக்கின இறுக்குக்கு அப்படி வராது. அப்போதே யோசித்திருக்க வேண்டும், எவனோ கை வைத்திருக்கிறான் என்று. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் சிலமலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா? அப்படி ஒரு லேசு. சத்தமே வேறு மாதிரி, கம்பி இழுத்த மாதிரி. கோடாங்கிபட்டி தாண்டினதும் நேர் ரோடு. முழு ஆக்சிலேட்டர். டக் என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. ரோடு முழுக்க மொட்டு. பஸ் மேல் ஏறிப் போகிறது, லாரி மேல் ஏறிப் போகிறது. கிடந்த இடத்தில் இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் தெரியும்.

காலும் போனது, பூ வேலையும் போனது. கமிஷன் கடைக்காரர் வேன்காரனுக்குக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தொம்மை வந்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். நான் திரும்பவில்லையே. எனக்கும் அன்றைக்கு முழுக்க ஒரே பக்கம் படுத்து விலா வலி.

ஏன் என்கிறீங்களா? இன்ஜின் எப்படிப் பிடிக்கும், தம்பி? ஜெட் சரியாக இருக்கிறது. நானே மாற்றினேன். ஆயில் நானே கலந்தேன். அப்படியென்றால் என்ன அர்த்தம்? கிண்ணத் திருகு தளர்ந்திருந்தது, ஈரம் இருந்தது. எவனோ உள்ளே நோண்டியிருக்கிறான். மலைக்காரனுக்கு வண்டி முழுசாக வேண்டும். பாதி வாரம் என்னிடம் கொடுக்க மனசில்லை. இன்ஜினைக் கெடுத்தால் நான் சலித்துப்போய் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியும்.

கட்டோடு போய் ஜீப் ஸ்டாண்டில் நியாயம் வைத்தேன். தலைவர் சீனிராசு. கூட்டமான கூட்டம். சீனிராசு கேட்கிறார், ‘கார்புரேட்டருக்குள்ள யாருய்யா கை வச்சது?’

தொம்மை சொல்கிறான், ‘நாந்தான் வச்சேன். இவனுக்கு வெரல்ல காயம். மழை வேற. அதான் ஜெட்ட நானே மாத்தி வச்சேன்.’

எனக்கு எப்படி இருக்கும்? ‘பொய். மாத்தினது நான். இந்த வெரலோட மாத்தினேன். கோட்டையம்மாவக் கேளுங்க’ என்றேன்.

கோட்டையம்மாவைக் கேட்டார்கள். ‘சன்னாசி மாத்தினத என் கண்ணால பாத்தேன். தொம்மையும் முன்னாடி அந்தப் பக்கம் குத்த வச்சு என்னமோ செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தான். டீ ஆத்துறதா, இவுங்க செய்யிறதப் பாக்குறதா’ என்றது.

சீனிராசு மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார், ‘ஒரு சாமான ஒரே நாள்ல ரெண்டு பேரு எப்பிடிய்யா மாத்த முடியும்? ஒருத்தன் பொய் சொல்றான்.’

சத்தியம் கேட்டார்கள். நான் கருப்பசாமி கோயில் அரிவாளைத் தொட்டுச் சத்தியம் செய்தேன், நான்தான் மாற்றினேன் என்று. அவன் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்தான், அவன்தான் மாற்றினான் என்று. பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு ஏதாவது ஆகட்டும், பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று சீனிராசு தவணை போட்டார். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் காலும் கூடிவிட்டது, அவன் பேரனுக்கும் சுகமாகிவிட்டது. கடைசியில் அவருக்கே எரிச்சலாகி, ‘ரெண்டு சாமியையும் என்னால விசாரிக்க முடியாது. வண்டியப் பிரிங்கடா’ என்று சொல்லிவிட்டார்.

பிரித்தோம். ஜீப் ஸ்டாண்டிலேயே. இன்ஜின் எனக்கு வேண்டும் என்று நான் பிடித்தேன். அவன் செய்த கோளாறுக்கு அதுதான் சாட்சி, அவனிடம் போனால் அழித்துவிடுவான். சட்டம், டேங்கு, முன்சக்கரம் அவனுக்கு. பின்சக்கரம் இரண்டு இருந்ததால் ஆளுக்கு ஒன்று. அங்கே ஆணியில் தொங்குகிறதே, என் பங்கு. டப்பா சீட்டோடு அவனிடம் போய்விட்டது. கார்புரேட்டரைத் துணியில் சுற்றி, மேலே மெழுகு ஊற்றி இந்தக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அன்றையில் இருந்து திறக்கவில்லை. சாட்சியை நாமே கலைக்கலாமா?

‘அண்ணே, அந்தக் கறுப்பு வண்டியா? இந்தா, நானே எடுத்துத் தாரேன். நீங்க எடுத்தா நாலு வண்டியத் தள்ளி விடுவீங்க.’

என்ன சொன்னீங்க? ஆமாம், அவனும் மாற்றினதாகச் சொன்னான். நான்தான் சொன்னேனே, சத்தியமே செய்தான் என்று. ஆமாம், நானும் மாற்றினேன். அதில் என்ன? டப்பாவில் இருந்ததை உள்ளே போட்டேன். முதலில் அவன், அப்புறம் நான். அதற்கு?

இருங்க. பெரியகுளம் பஸ் வந்துவிட்டது, கூட்டம் வரும்.

ஒருத்தரும் வரவில்லை.

தம்பி, நீங்க படித்த பிள்ளை, படித்த மாதிரிப் பேசுறீங்க. அவன் மாற்றினது பொய். பொய்யை ஒரு கணக்கில் சேர்க்கக்கூடாது. டப்பாவில் இப்போது இருப்பது மலை ஜெட். உள்ளே இருப்பது ரோட்டு ஜெட். நான் போட்டது. திறந்தால் தெரியப்போகிறது. திறக்கட்டுமா? எனக்கென்ன பயம். அந்தக் கட்டிலுக்கு அடியில் கை விடுங்க, என்னால் குனிய முடியாது. சாக்கு. அதுதான். இன்ஜினும் அதற்குள்தான், ரொம்பக் கனம், பார்த்து இழுங்க. துணிச் சுருணை மேலே இருக்கும், அதைக் கொடுங்க.

மெழுகு கல்லாகிக் கிடக்கிறது. நீங்க விடுங்க. விடுங்க என்கிறேன், இதில் என் கை மட்டும்தான்.

இதோ கிண்ணம். வந்துவிட்டது. உள்ளே பார்த்தீங்களா, எப்படி மின்னுகிறது என்று. மூடி வைத்தால் பித்தளை கெடாது. இந்தாங்க, ஜெட். பிடிங்க. என் கண்ணுக்குத் தெரியாது, உங்கள் போனில் பெரிசாக்கிக் காட்டுங்க. எண் எனக்குத் தெரியும், டோக்கன் படிக்கிறவன்தானே நான். தொண்ணூறு. சரி. டப்பாவில் இருப்பது? திறங்க. நூறு.

நூறுதானா? வெளிச்சத்தில் காட்டுங்க. துடைத்துவிட்டுக் காட்டுங்க.

இந்த ஜெட் வாங்கும்போது கடைக்காரர் சொன்னார், எண் பெரிசென்றால் ஓட்டை பெரிசு என்று.

அப்படியென்றால் தொம்மை டப்பாவில் மாற்றி வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். புதுசாக ஒன்றை வாங்கிப் போட்டு. இல்லையா? டப்பா மூடி துருப்பிடித்து, நீங்க திறக்கும்போது செதில் செதிலாக உதிர்ந்தது. ஆமாம், பார்த்தேன். என் கார்புரேட்டர் மெழுகும் உடையாமல்தான் இருந்தது. ஆமாம்.

சரி. அவன் வந்தான். சின்னதை எடுத்துவிட்டுப் பெரிசைப் போட்டான். என் விரலுக்காக. போய்விட்டான். நான் வந்தேன். பெரிசை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டேன். அந்த விரலோடு.

கொஞ்சம் நகருங்க, நான் நடக்கணும்.

இந்தச் சீனிராசு என்ன மனுசன், தம்பி? தலைவர் என்று உட்கார்ந்து மீசையைத் தடவினால் போதுமா? ஒரு சாமானை இரண்டு பேர் மாற்ற முடியாதாம். ஏன் முடியாது? முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். இந்த அறிவு ஒரு தலைவருக்கு வேண்டாமா? அங்கே இருந்த ஒருத்தனுக்காவது இருந்ததா? அவனும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. இரண்டு சாமியும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஜீப் ஸ்டாண்டில் இருந்த மனுசன்தான் ஒருத்தனும் சரியில்லை. சீனிராசு செத்துப்போய்விட்டார், இல்லையென்றால் இப்போதே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

தொம்மையையும் விட முடியாது. நீங்க அவனுக்குப் பரிந்து பேசாதீங்க. கார்புரேட்டர் யார் வேலை? என் வேலை. அதில் கை வைத்தது யார்? ஒரு சிலேட்டுக்குச்சியால் டேங்கில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கோட்டையம்மாவிடம் ஜெட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லா வேலையும் முடிந்தது என்றால் எனக்கு எப்படித் தெரியும், என் வேலையும் அதில் சேர்த்தி என்று? அதுவரைக்கும் ஒரு தடவையாவது என் வேலையை இன்னொருத்தன் செய்தது உண்டா? இதை விடக்கூடாது. இதை அவன் முகத்துக்கு நேராகக் கேட்கணும்.

நாளைக்குக் காலையில் என்றீங்க. காலை என்றால் எத்தனை மணிக்கு லாரி வருமாம்? நீங்க இப்போது மேலே ஏறினால் இருட்டுவதற்குள் ஊத்துப்பாறை போய்விடுவீங்களா? உங்கள் பிக்கப்பில் முன்னால் எத்தனை பேர் உட்காரலாம்?

‘ஏ முத்துப்பேச்சி, இங்கிட்டு வா. ஸ்டாண்டப் பாத்துக்க. எங்கிட்டுப் போறேனா? சண்டைக்குப் போறேன். ஏண்டி சிரிக்கிற? அந்த வெள்ளச் சட்டைய எடு. சண்டைக்குப் போறவன் நல்ல சட்ட போடக்கூடாதுன்னு இருக்கா?’

ஆணியில் தொங்குகிற சக்கரத்தை எடுத்து வண்டியில் போடுங்க. இன்ஜினைப் பின்னால் போட வேண்டாம், குதிக்கும். சாக்கோடு என் மடியில் வைங்க, நான் பிடித்துக்கொள்கிறேன். பிஸ்டன் மாற்றுவது உங்கள் பொறுப்பு. ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது, அந்த நடு அளவு அப்படியே இருக்கணும். வண்டி கிளம்புகிற அன்றைக்கு இரண்டு பேரையும் கூப்பிடணும். முதலில் யார் ஓட்டுவது என்று அங்கே போய் ஒரு சண்டை இருக்கிறது.

கிண்ணத்தை மூடிவிடுகிறேன். எதைப் போடுகிறேனா? என்ன கேள்வி இது. மேலேதானே போகிறோம். நான் போட்டது சின்னதுதானே, மலைக்கு அதுதான் சரி. அதையே இங்கே கொடுங்க.

இந்த போன் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் இங்கிட்டுக் காட்டுங்க, தம்பி. அப்படி இல்லை. எதிரே குத்த வைத்து உட்கார்ந்து காட்டுங்க. தொம்மை அப்படித்தான் காட்டுவான்.